ஆம்ஸ்ட்ராங் மீதான வழக்கு

லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி வந்த நூல்களை வரிசையாகப் படித்தால் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். ஒருவர், 1925க்கும் 1928க்கும் இடையில் சிகாகோவில் பதிவான சில டஜன் இசைத்தட்டுகளில் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்ட இளைஞர். மற்றவர், வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தொலைக்காட்சியில் ‘ஹலோ டாலி’ பாடிய கிழவர். முதலாமவர் மேதை என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வழக்கெல்லாம் இரண்டாமவர் மீதுதான். 1928க்குப் பிறகு கலையைக் காசாக்கிவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. வெள்ளையர் மனம் கோணாமல் நடந்து தன் இனத்தைத் தலைகுனிய வைத்தார் என்பது இன்னொன்று. முதல் குற்றச்சாட்டு ஏறக்குறைய முழுக்கத் தவறு என்பதும், இரண்டாவதில் ஒரு பங்கு உண்மை உண்டு என்பதும் என் எண்ணம்.

(நம் ஊரில் ஆம்ஸ்ட்ராங் என்றால் நிலாவில் இறங்கியவர்தான் நினைவுக்கு வருவார். தூரக் கணக்கில் அவரையும் ஜாஸ்காரர் முந்திவிட்டார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கமுலாம் பூசிய தட்டில் இவருடைய ‘மெலன்கலி புளூஸ்’ இருக்கிறது. கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் அதே தட்டில்தான். இரண்டும் இப்போது சூரியனின் ஆட்சி எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.)

பிறந்த தேதியிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 1900 ஜூலை 4, அதாவது அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று பிறந்ததாகவே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1988இல், ஆய்வாளர் டாட் ஜோன்ஸ் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். அதில் இருந்த தேதி 1901 ஆகஸ்ட் 4. தகப்பன் விட்டுவிட்டுப் போன குடும்பம். தாய் மேயான் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பாட்டியும் வளர்த்தார். அந்தப் பகுதியில் விபசார விடுதியும் சூதாட்டமும் கத்திக்குத்தும் அன்றாடம்; இசையும் அன்றாடம்தான். சவ ஊர்வலத்துக்குப் பித்தளை வாத்தியக் குழு, நடன அரங்குக்கு ஒரு குழு, விளம்பரத்துக்குக் குதிரை வண்டியில் ஏறி வாசித்துப்போக ஒரு குழு.

சிறுவயதில் கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியிலும் நிலக்கரி வண்டியிலும் வேலை செய்தார். வண்டி வருவதைத் தெருவுக்கு அறிவிக்கத் தகரக் குழல் ஊதுவது அவர் பொறுப்பு. முதல் கார்னெட் வாங்க அந்தக் குடும்பம் முன்பணம் தந்ததை 1969இல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டு, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் முறையாக வாசிக்கக் கற்றுத்தந்தார்.

வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் கதை எல்லாவற்றிலும் வரும். பலரும் ஒற்றை வரியில் தாண்டிப்போகும் இன்னொரு சங்கதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார்னெட்டில் பெயர் எடுப்பதற்கு முன்பே அவர் பாடகர். நாலு பையன்கள் சேர்ந்து குழுவாகத் தெருமுனையில் பாடி, ஆடி, கோமாளித்தனம் செய்து, விழுகிற சில்லறையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். கூட்டத்தைச் சிரிக்கவைப்பது அவருக்கு முதுமையில் பிடித்த நோய் என்று எழுதியவர்கள் இந்தத் தெருமுனையைக் கணக்கில் எடுக்கவில்லை.

1922 ஆகஸ்டில் குருநாதர் கிங் ஆலிவரின் அழைப்பு வந்து சிகாகோவுக்கு ரயில் ஏறினார். லிங்கன் கார்டன்ஸ் அரங்கில் இரண்டு கார்னெட்டுகள் முன்னேற்பாடே இல்லாததுபோல் சேர்ந்து பாய்வதைக் கேட்க மற்ற வாத்தியக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜென்னெட் நிறுவனத்தின் கூடத்தில் முதல் பதிவு. மைக்ரோபோன் வராத காலம். எல்லோரும் பெரிய கூம்புக் குழாயைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை வெகுதூரம் தள்ளி மூலையில் நிறுத்தினார்கள் என்று அந்தக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் அடுத்த ஆண்டு அவரை மணந்துகொண்டார். குருவின் நிழலில் இரண்டாம் கார்னெட்டாக இருந்தது போதும் என்று அவரை வெளியே தள்ளியவரும் லில்தான். முறையான இசைப் பயிற்சி பெற்றவர், குழுவுக்கு மெட்டுகள் அமைத்தவர். ஆம்ஸ்ட்ராங் வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் இன்னும் போதாது.

1924இல் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தார். நவநாகரிகமாக உடுத்தி, எழுதிவைத்த இசையைப் பிசகாமல் வாசிக்கும் பெரிய குழு அது. தடித்த பூட்ஸோடு வந்து நின்ற தெற்கத்திக்காரனைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், சில மாதங்களில் அவரைப் போலவே வாசிக்க முயன்றார்கள். அவர் கொண்டுவந்தது முக்கியமாகக் காலத்தைக் கையாளும் விதம். தாள அடியின் தலையில் சுரத்தை வைக்காமல் ஒரு மயிரிழை தள்ளி வைப்பது, ஒரு சுரத்தை நீட்டி அடுத்ததைக் குறுக்குவது, மௌனத்தையும் வாசிப்பின் பகுதியாக்குவது. பின்னாளில் ஸ்விங் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க ஆடிய ஆட்டத்தின் அச்சு இதுதான். ஹெண்டர்சனிடம் அவருக்கு இருந்த மனக்குறை ஒன்றுதான்: தன்னைப் பாட விடவில்லை என்பது.

பாடும் உரிமை சிகாகோவுக்குத் திரும்பிய பிறகு கிடைத்தது. 1925 நவம்பர் 12இல் ஓக்கே நிறுவனத்துக்காக ‘ஹாட் ஃபைவ்’ என்ற பெயரில் முதல் பதிவு நடந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘ஹீபி ஜீபீஸ்’ தட்டில் சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடுகிறார். பாட்டுத்தாள் கையிலிருந்து நழுவி விழுந்ததால் அப்படிப் பாடவேண்டி வந்தது என்ற கதை அன்றிலிருந்து உலவுகிறது. நம்புவது கடினம். ஸ்காட் எனப்படும் அந்தப் பாணி நியூ ஆர்லியன்ஸில் அதற்கு முன்பே உண்டு. அவர் அதற்கு ஒரு சந்தையைத் திறந்தார் என்பதுவரை சரி.

இந்த வரிசையின் உச்சம் 1928 ஜூன் 28இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’. மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகம். தொடக்கத்தில் துணைக்கு யாரும் இல்லாமல் பன்னிரண்டு விநாடிபோலத் தனி ட்ரம்பெட். நாலே சுரம், ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று நடக்கும். அதிலிருந்து ஒரே பாய்ச்சலில் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சுருள் சுருளாக இறங்கும். தாளம் இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் கேட்பவருக்குத் தாளம் தெரிகிறது. பிறகு குழு சேர்ந்து மெட்டைச் சொல்கிறது. டிராம்போன் வருகிறது. அடுத்து, தாழ்ந்த குரலில் கிளாரினெட் ஒரு கேள்வி கேட்க, ஆம்ஸ்ட்ராங் வாய்ப்பாட்டாகவே, சொல்லில்லாமல், மெதுவாகப் பதில் சொல்கிறார். அதன்பின் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் ட்ரம்பெட் ஒரே ஒரு உச்சச் சுரத்தைப் பிடித்து நாலு தாளவட்டம் போலக் கலையாமல் நிற்கிறது. வித்தை காட்ட வேண்டிய இடத்தில் அசையாமல் நிற்கும் தைரியம் இருபத்தாறு வயதில் வந்திருக்கிறது. கற்பனை ஸ்வரத்தில் ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கொண்டாடும் வித்துவான்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடத்தின் மதிப்பு சொல்லாமலே விளங்கும்.

‘தூய கலைஞர்’ கட்சி தன் முதல் சாட்சியமாக வைப்பது இந்தத் தட்டைத்தான். இதிலும் அவர் பாடுகிறார் என்பதை அவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. அதைவிட முக்கியமானது, ‘ஹாட் ஃபைவ்’ பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மட்டுமே வாழ்ந்த குழு என்பது. அதே ஆண்டுகளில் சிகாகோ ரசிகர்கள் இரவில் பார்த்த ஆம்ஸ்ட்ராங் வேறு. வெண்டோம் என்ற சினிமாக் கொட்டகையில் மௌனப் படங்களுக்கு வாசிக்கும் குழுவில் இருந்தார். ஆப்பரா இசைத் துண்டுகளும் வாசிப்பார், பாதிரி வேஷத்தில் பிரசங்கம் செய்து கொட்டகையைச் சிரிப்பால் அதிரவும் வைப்பார். கோமாளியும் மேதையும் ஒரே மேடையில் ஒரே இரவில் நின்றார்கள். மேதையை மட்டும் தட்டு பதிந்துவைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டவர்கள், 1928க்குப் பின் சரிவு என்று கோடு கிழித்தார்கள். 1983இல் வந்த ஜேம்ஸ் லிங்கன் காலியரின் வாழ்க்கை வரலாறு இந்தப் பார்வையின் முழு வடிவம்: வீணடிக்கப்பட்ட பெருந்திறமையின் கதை.

முதல் பலமான மறுப்பு 1988இல் விமர்சகர் கேரி கிடின்ஸிடமிருந்து வந்தது. கேளிக்கையைக் கழித்துவிட்டால் மிஞ்சும் ஆம்ஸ்ட்ராங் விமர்சகர்கள் செய்த பொம்மை என்றார். அவர் வாதம் எடுபட்டதற்குக் காரணம் ஆம்ஸ்ட்ராங்கின் குரல். 1929இல் ‘ஹாட் சாக்லெட்ஸ்’ நாடகம் வழியாகப் பிராட்வேயில் கால்வைத்த பிறகு ஆம்ஸ்ட்ராங் வெகுஜனப் பாட்டுகளை எடுத்து, மெட்டை உடைத்து, சொற்களைத் தின்று, பேச்சின் தாளத்தில் மறுபடி கட்டினார். பிங் கிராஸ்பி அதைக் கேட்டார். பில்லி ஹாலிடே அதைக் கேட்டார். அமெரிக்க வெகுஜனப் பாட்டு அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்துவதை விட்டு, மைக்கின் அருகில் நின்று பேசத் தொடங்கியதில் இந்தக் கரகரப்பான குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. ட்ரம்பெட்டின் தாக்கம் ஜாஸுக்குள். குரலின் தாக்கம் அதற்கு வெளியே, நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸோடு 1930இல் பதிவுசெய்த தட்டிலிருந்து இன்றுவரை. ‘சரிவு’ என்று சொல்லப்படும் காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

முப்பதுகளில் உதடு கிழிந்து தழும்பேறியதால் வாசிப்பின் பாணி மாறியது உண்மைதான். சுரங்கள் குறைந்தன. அதைத் தேய்வு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சிக்கனமாகக் கேட்கிறது. பிற்கால ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆவணங்களோடு வழக்காடும் ரிக்கி ரிக்கார்டி, மூன்று பாக வரலாற்றைத் தலைகீழாக எழுதினார். கடைசிக் காலம் 2011இல், நடுக்காலம் 2020இல், இளமை 2025இல். வழக்கு எந்தப் பகுதியில் கடுமையோ அங்கிருந்து தொடங்கியிருக்கிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டு இவ்வளவு எளிதில் தீராது. 1932இல் வந்த ஒரு குறும்படத்தில் சிறுத்தைத் தோல் உடுத்தி, சோப்பு நுரைக்கு நடுவில் நின்று ஊதுகிறார். வாசிப்பு அபாரம், காட்சியைப் பார்க்கக் கூசுகிறது. 1949இல் ‘டைம்’ இதழின் அட்டையில் படம் வந்த சில நாட்களிலேயே, நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா விழாவில் ‘ஜூலு மன்னர்’ வேடத்தில், முகத்தில் கரி, கண்ணையும் வாயையும் சுற்றி வெள்ளை பூசி, புல் பாவாடையோடு தேரில் வந்தார். வடக்கே இருந்த கறுப்பின அறிவாளிகளுக்கும் இளைய இசைக்கலைஞர்களுக்கும் இது பெரிய அவமானம். ஆனால் ஜூலு சங்கம் அந்த ஊர்க் கறுப்பின உழைப்பாளிகளின் சங்கம். வெள்ளையரின் மார்டி கிரா ராஜாவைக் கேலிசெய்யவே அந்த வேடம் பிறந்தது. தான் பிறந்த சேரியின் பையன்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சகட்ட மரியாதை என்றுதான் அவர் அதைப் பார்த்தார். உள்ளூரில் கேலி, வெளியூரில் கேவலம். இரண்டு வாசிப்பும் சரிதான்.

இளைய தலைமுறை ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லஸ்பி அவரைத் தோட்ட அடிமைக் கால உருவம் என்ற பொருளில் கடிந்தார். மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட்டில் அவர் வாசிக்காதது எதுவும் பாக்கியில்லை என்று ஒப்புக்கொண்டவர். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. கில்லஸ்பி 1979இல் வெளியான தன் வரலாற்றில் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். இனவெறி தன் மகிழ்ச்சியைப் பறிக்க அவர் இடம் கொடுக்கவில்லை, அதைத்தான் நான் அடிமைச் சிரிப்பு என்று நினைத்தேன் என்பது அதன் சாரம்.

அந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு 1931இன் மெம்ஃபிஸ் சம்பவம் நல்ல சான்று. குழு பயணம் செய்த பேருந்தில் மேலாளரின் வெள்ளைக்கார மனைவி ஒரு கறுப்பரின் அருகில் அமர்ந்திருந்தார் என்பதற்காகப் போலீஸ் எல்லோரையும் பிடித்து அடைத்தது. விடுதலையாகி வானொலியில் வாசித்தபோது, மெம்ஃபிஸ் காவல்துறைக்கு அர்ப்பணம் என்று அறிவித்து ஒரு பாட்டுப் பாடினார். நீ செத்தால்தான் எனக்குச் சந்தோஷம் என்று ஓர் அயோக்கியனைப் பார்த்துச் சொல்லும் பாட்டு. முகத்தில் அதே சிரிப்பு. அதே ஆண்டு சொந்த ஊர் வானொலியில் வெள்ளை அறிவிப்பாளர் ஒரு கறுப்பனின் பெயரைத் தன் வாயால் சொல்ல மறுத்துவிட, தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டு வாசித்தார். இனக்கலப்புள்ள குழுக்களை லூயிசியானா மாநிலம் 1956இல் தடைசெய்த பிறகு அந்த ஊருக்கு வாசிக்கப் போவதையே நிறுத்தினார். 1965 வரை போகவில்லை. அவருடைய ‘ஆல் ஸ்டார்ஸ்’ குழுவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்திருந்தார்கள்.

சிரிப்பைக் கழற்றிவைத்த நாளும் உண்டு. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர்வதைத் தடுக்க ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். அப்போது வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் ஹோட்டல் அறையில் இருந்த ஆம்ஸ்ட்ராங்கைப் பார்க்க ஒரு மாணவ நிருபர் போனார். அதிபர் ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை, ஆளுநர் படிக்காத பட்டிக்காட்டான், என் மக்களை இப்படி நடத்தும் அரசாங்கத்துக்காக நான் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்கமாட்டேன் என்று கொட்டித்தீர்த்தார். ஆசிரியர் குழு நம்பவில்லை. நிருபர் எழுதிய பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடி போக, ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து அதில் ஒப்புதல் எழுதிக் கையெழுத்திட்டார். நாடு முழுக்கச் செய்தி. அவருடைய பயண மேலாளர் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் அறிக்கை விட, அதையும் மறுத்தார். சில வானொலி நிலையங்கள் அவர் தட்டுகளைத் தூக்கியெறிந்தன. கறுப்பினத் தலைவர்கள் சிலரே அவரை விமர்சித்தார்கள். செப்டம்பர் 24இல் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். ஒரு பாட்டுக்காரரின் பேட்டியால் படை நகர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது மிகை. ஆனால் அவ்வளவு இழக்க இருந்தும் அத்தனை வெளிப்படையாகப் பேசிய கறுப்பின நட்சத்திரங்கள் அந்த வாரத்தில் மிகக் குறைவு.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கொரோனா என்ற சாதாரணப் பேட்டையில் 1943 முதல் சாகும்வரை குடியிருந்த வீட்டில் அவர் சேர்த்துவைத்த சுமார் 700 ஒலிநாடாக்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்தபோது வழக்கின் போக்கு இன்னும் மாறியது. நண்பர்களோடு பேச்சு, கெட்ட வார்த்தை, கோபம், அனுபவித்த அவமதிப்புகளின் கணக்கு எல்லாம் அதில் உண்டு. நாடாப் பெட்டிகளின்மேல் புகைப்படங்களைக் கத்தரித்து ஒட்டி அலங்கரித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார். பிறர் ஒருநாள் கேட்பார்கள் என்று தெரிந்தே செய்த வேலை.

இரண்டாவது குற்றச்சாட்டில் ஒரு பங்கு உண்மை உண்டு என்று சொன்னேன். அது எனக்கு ஆப்பிரிக்காவில் தென்படுகிறது. 1956 மே மாதம், விடுதலைக்கு முந்தைய கானாவின் அக்ராவில், பெருங்கூட்டத்துக்கு நடுவே வாசித்தார். குவாமே நிக்ருமா முன்னிலையில் ‘பிளாக் அண்ட் புளூ’ பாடினார். ‘ஹாட் சாக்லெட்ஸ்’ நாடகத்தில், வெளுத்த நிறப் பெண்களிடம் காதலனை இழக்கும் கறுத்த நிறப் பெண்ணின் புலம்பலாகப் பிறந்த பாட்டு அது. அந்த முன்பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஓர் இனத்தின் முறையீடாக மாற்றியவர் ஆம்ஸ்ட்ராங். ரால்ஃப் எல்லிசன் 1952இல் எழுதிய ‘இன்விசிபிள் மேன்’ நாவலின் தொடக்கத்தில் நாயகன் நிலவறையில் அமர்ந்து கேட்பது இந்தத் தட்டைத்தான். அக்ராவில் அந்தப் பாட்டைக் கேட்டு நிக்ருமா கண்கலங்கும் காட்சி படச்சுருளில் இருக்கிறது.

நாலு ஆண்டு கழித்து 1960 அக்டோபரில் காங்கோ போனபோது அவரை அனுப்பியது அமெரிக்க வெளியுறவுத் துறை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் லுமும்பா அப்போது வீட்டுக்காவலில் இருந்தார். அடுத்த ஜனவரியில் கொல்லப்பட்டார். பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்துக்கும் ஆம்ஸ்ட்ராங் சென்றார். அந்தப் பயணம் அமெரிக்க அதிகாரிகள் அங்கே கால்வைக்கச் சாக்காக உதவியது என்று சூசன் வில்லியம்ஸ் 2021இல் வெளியான நூலில் வாதிடுகிறார். 2024இல் வந்த ‘சவுண்ட்டிராக் டு எ கூ தெத்தா’ ஆவணப்படம் அந்தக் கேள்வியைத் திரையரங்குக்கே கொண்டுவந்தது. திரைமறைவில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருஞ்சிரிப்பு ஓர் அரசாங்கத்துக்கு மிக வசதியான முகமூடியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த அரசாங்க வேலையைக் கேலிசெய்யும் இசை நாடகம் ஒன்றில் நடித்தவரும் அவரே. வெளியுறவுத் துறைப் பயணமாக 1958இல் சென்னைவரை வந்துபோன ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கும் அவர் மனைவி அயோலாவும் எழுதிய ‘தி ரியல் அம்பாசடர்ஸ்’. கடவுளும் கறுப்போ என்று வியக்கும் ஒரு பாட்டை அவர்கள் கிண்டலாக எழுதியிருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அதைக் கண்ணீரோடு பாடினார். 1962இல் மாண்டரே விழாவில் மேடையேறியபோதும் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நாடகம் பிராட்வேக்குப் போகவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து ‘ஹலோ டாலி’ பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு உலகம் முழுக்க ஒலித்தது. அறுபத்திரண்டு வயதில் வந்த அந்த வெற்றிதான் பலர் மனதில் அவர் முகமாக நின்றுவிட்டது. புரூபெக் நாடகத்தின் இசைத்தட்டு இப்போதும் கிடைக்கிறது. ‘ஹலோ டாலி’யை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் அதையும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.